சட்டம் ஓரிடம், தொழில் ஓரிடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஆந்திர எல்லையோரத்து ஆரம்பாக்கம் வரை, ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துத் தரும் சின்னக் கடைகள்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு கிராஃபிக் டிசைன் பள்ளிக்கூடம். வேலை பார்த்துக்கொண்டே பழகும் இந்த வழி, கணினி மையத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து வாங்கும் சான்றிதழைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

திரையில் பளிச்சென்றிருந்த நீலம் அச்சில் ஊதாவாக வரும்போது, திரையின் ஆர்ஜிபி நிறமுறைக்கும் அச்சின் சிஎம்ஒய்கே நிறமுறைக்கும் உள்ள வேறுபாடு மறக்காதபடி மனத்தில் பதிகிறது. வீணான ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வரிகளை பாமினி எழுத்துருவில் ஒட்டினால் எழுத்து சிதறிவிடும். மாற்றியெடுத்து, புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தடாவிலிருந்தோ ஸ்ரீசிட்டியிலிருந்தோ ஆர்டர் வந்தால் தெலுங்கும் கோக்கத் தெரிய வேண்டும். இதையெல்லாம் ஒரு பாடத்திட்டம் சொல்லித் தருவது கடினம்.

ஆனால் கடையில் அவசரம்தான் ஆசிரியர். பழைய ஃபைலைத் திற, படத்தை மாற்று, பெயரை மாற்று, பிரிண்டுக்கு அனுப்பு. முகூர்த்த நாட்களிலும் தேர்தல் நேரத்திலும் நள்ளிரவு வரை இதுவே நடக்கும். இரண்டு வருடம் இப்படி ஓடினால் கை வேகமாகிவிடும், கண் பழகாது. இந்த எழுத்துரு ஏன், இந்த இடைவெளி ஏன் என்று கேட்கவும் சொல்லவும் அங்கே யாருக்கும் நேரமில்லை. செய்த வேலை எதிலும் பழகியவர் பெயர் இருக்காது. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றுமிருக்காது. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

இதே தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பின்பு கோவில்பட்டியில் தங்கி, சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தார். பிள்ளைகள் அவரோடு இருந்தே தொழில் பழகினார்கள். அதுவும் சந்தைக்கான வேலைதான், அதற்கும் கெடு உண்டு. இருந்தும் பல படங்களில் குருவின் கையெழுத்தோடு டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களின் பெயரும் சேர்ந்தே அச்சானது. அந்தப் பெயரை வைத்துச் சீடர் தனியாகத் தொழில் நடத்த முடியும்.

நம் சட்டமோ இந்தச் சின்னக் கடைகள் பலவற்றை எட்டுவதில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டன. அதன்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையும் நிர்ணயமானது. நான்கு பேருக்குக் குறைவான கடை இந்த ஏற்பாட்டுக்குள் வரவே முடியாது. சிப்காட் ஆலைக்குக் கட்டாயம் இருக்கிறது, ஆனால் அங்கே ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் உள்ள இடம் டிசைனருக்கு இல்லை; லேபிளும் அட்டைப்பெட்டி வடிவமும் பெரும்பாலும் வெளியில்தான் செய்யப்படுகின்றன. ஃபிளெக்ஸ் கடையில் வேலை கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ஒப்பந்தம் கிடையாது, உதவித்தொகை கடைக்காரர் மனம்போல.

வழி அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. முதலாளிகள் பலர் கூட்டாகச் சேர்ந்து, தங்கள் பழகுநர்களுக்குப் பயிற்சி தரலாம் என்கிறது அது. ஓர் ஆலை, ஓர் அட்டைப்பெட்டி அச்சகம், ஆட்பலம் போதுமான ஒரு ஃபிளெக்ஸ் நிறுவனம் மூன்றும் சேர்ந்தால் ஒரே பிள்ளை லேபிளையும் பெட்டியையும் பேனரையும் பழகலாம். பயிற்சி முடியும்போது, தன் பெயரிட்ட பத்து வேலைகளின் தொகுப்பைப் பழகுநர் எடுத்துச் செல்லலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யும் தொழிற்பழகுநர் ஆலோசகர் அலுவலகமே அந்த வரியைக் கேட்டு வாங்கலாம்.