கனவு நாடுகளும் காவல் சுவர்களும்

குறையே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்யும் எழுத்தை யுட்டோபியா என்கிறோம். அதே ஒழுங்கு மனிதனை நசுக்கும் நாட்டைக் காட்டும் எழுத்து டிஸ்டோபியா. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி. பசி, திருட்டு, போர், அச்சம் ஆகியவற்றிலிருந்து எல்லோரையும் காப்பாற்ற வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் தமக்கென்று வைத்திருப்பதில் எவ்வளவை விட்டுக்கொடுக்க வேண்டும்? இந்த மரபின் நூல்களை எடைபோடப் பல அளவுகோல்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மிகவும் நம்பகமானது: ஒத்துப்போக மறுப்பவரையும் விட்டுப்போக நினைப்பவரையும் அந்த நாடு என்ன செய்கிறது என்று பார்ப்பது.

பிளேட்டோவின் 'குடியரசு' இம்மரபின் வேர். அங்கே காவலர் வகுப்புக்குச் சொந்தச் சொத்தும் இல்லை, சொந்தக் குடும்பமும் இல்லை. ஆனால் இவ்வகை எழுத்துக்குப் பெயரும் வடிவமும் தந்தவர் தாமஸ் மோர். அவருடைய 'யுட்டோபியா' 1516இல் லத்தீனில் வெளிவந்தது. நிலவுடைமையாளர்கள் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வேலியடைத்து ஆடு வளர்க்க, நிலமிழந்த குடியானவர்கள் திருடிப் பிழைத்துத் தூக்கில் தொங்கிய இங்கிலாந்து அது. அதற்கு மறுமொழியாக மோர் கட்டிய தீவில் 54 நகரங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. வீட்டுக் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப்போட்டு வீடு மாறிக்கொள்கிறார்கள். தங்கத்தில் மலப்பாத்திரமும் அடிமைகளுக்கான விலங்கும் செய்கிறார்கள்.

இவ்வளவும் படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஊருக்குப் போக, திரும்பும் நாள் குறித்த அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டவர் ஓடிப்போனவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார். இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமையாவார். மதுக்கடை இல்லை, நான்கு பேர் ஒதுங்கிப் பேச ஒரு மறைவிடமும் இல்லை. மோர் இவற்றை மனமாரப் பரிந்துரைத்தாரா, சீண்டிப் பார்த்தாரா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. எப்படியானாலும், பின்னால் வந்த கொடுங்கனவு நாடுகள் எல்லாவற்றுக்கும் விதை இந்தச் சீட்டிலேயே இருக்கிறது. நேப்பிள்ஸ் சிறையில் கிடந்தபடி 1602இல் 'சூரிய நகரம்' எழுதிய கம்பனெல்லா இன்னும் ஒருபடி மேலே போனார். வேலை நேரத்தை நான்கு மணியாகக் குறைத்துவிட்டு, யார் யாரோடு கூடிப் பிள்ளை பெறுவது என்பதை அதிகாரிகள் கையில் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மரபு வெளிப்படையாக இரண்டாகப் பிரிந்தது. எட்வர்ட் பெல்லமியின் 'லுக்கிங் பேக்வர்ட்' 1888இல் வந்தது. 1887இல் தூங்கி 2000இல் விழிக்கும் பாஸ்டன்காரர் ஒருவர் அதில் காண்பது, 21 முதல் 45 வயது வரை எல்லோரும் பணிபுரியும் தொழிற்படையை. வறுமை ஒழிந்துவிட்டது, எல்லோருக்கும் சமமான பங்கு. உடலில் வலுவிருந்தும் வேலை செய்ய மறுப்பவருக்கோ தனிச்சிறை, இணங்கும்வரை ரொட்டியும் தண்ணீரும் மட்டும். பெல்லமி இதைக் கொஞ்சமும் கூச்சமின்றிச் சொல்லிச் செல்கிறார். அந்தப் படைவீட்டு ஒழுங்கு பிடிக்காத வில்லியம் மாரிஸ், 1890இல் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' எழுதி விடை சொன்னார். அதில் ஓர் அருமையான இடம் உண்டு. ஊரே புல் அறுப்புக்குப் போகும்போது, சிலர் மட்டும் வரமாட்டோம் என்று தங்களுக்குப் பிடித்த வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் கல்லில் சிற்பம் செதுக்குவதிலேயே மூழ்கியிருக்கிறாள். மற்றவர்கள் அவர்களைச் செல்லமாகக் கேலி செய்துவிட்டுத் தங்கள் வழியே போகிறார்கள். மறுப்பவருக்கு நேர்வது அவ்வளவுதான். கனவு நாட்டு எழுத்திலேயே சுதந்திரத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

பாதுகாப்பு என்றதும் யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வி எழவேண்டும். அதை எழுப்பியவர் வங்கத்தின் ரொக்கையா பேகம். அவருடைய 'சுல்தானாவின் கனவு' 1905இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது சென்னையில், 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள்தான் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் அச்சமின்றித் தெருவில் நடக்கிறார்கள். ஆபத்து விளைவிப்பவரை வெளியே விட்டுவிட்டு, ஆபத்துக்கு ஆளாகிறவரை ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்பதே கதையின் வாதம். காவல்துறை ஆணையர்களும் மாவட்ட நீதிபதிகளும் தங்களை மட்டுமாவது பழைய பதவியில் அமர்த்தும்படி அரசிக்கு விண்ணப்பிக்கிறார்கள். தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அரசியிடமிருந்து சுற்றறிக்கை வருகிறது. காலங்காலமாகப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட பதில் அது.

கொடுங்கனவுப் பள்ளியின் மெய்யியல் ஊற்று தாஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்க'ளில் வரும் விசாரணைத் தலைவர். மனிதர்களுக்குச் சுதந்திரம் ஒரு சுமை, அதை வாங்கிக்கொண்டு ரொட்டி கொடுப்பதே கருணை என்பது அவர் வாதம். அந்த வாதத்தை ஒரு முழு நாடாக்கிக் காட்டியவர் யெவ்கெனி ஸம்யாதின். கப்பற்பொறியாளரான அவர் 1920–21இல் எழுதிய 'நாங்கள்' நாவல் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வெளிவந்தது. சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீடுகள் முழுக்கக் கண்ணாடி. திரைச்சீலையை இறக்க வேண்டுமானால் இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். அதுவும் உடலுறவுக்கென ஒதுக்கிய நேரத்துக்கு மட்டும். கதைசொல்லியான டி-503 கண்ணாடிச் சுவர்களை உண்மையிலேயே நேசிக்கிறான். எல்லோரும் தெரியும் இடத்தில் யாரும் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லையே! கடைசியில் கற்பனைத் திறனையே நீக்கும் அறுவைக்கு ஆளாகி, தான் காதலித்தவள் வதைக்கப்படுவதை அமைதியாகப் பார்க்கிறான். நகரைச் சூழ்ந்த பசுமைச் சுவரைத் தாண்டித் தப்புகிறவள், அனுமதியின்றிக் கருவுற்ற ஓ-90.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) சித்திரவதையை விட்டுவிட்டு இன்பத்தைக் கையிலெடுக்கிறது. கருவிலேயே சாதி வகுக்கப்படுகிறது. கவலை வந்தால் சோமா மாத்திரை. நூலின் வலிமை அதன் கட்டுப்பாட்டாளர் முஸ்தபா மாண்டிடம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட புத்தகங்களைப் பெட்டகத்தில் வைத்துப் படிப்பவர் அவர். ஆராய்ச்சியா பதவியா என்ற கட்டம் வந்தபோது பதவியைத் தேர்ந்தவர். அந்த நாகரிகத்துக்கு வெளியே வளர்ந்து, துன்பப்படும் உரிமையைக் கேட்கும் ஜானுக்கு அவர் சொல்லும் பதில்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. பாதுகாப்பின் தரப்பை அதன் முழு வலுவோடு பேசவிடுவது இந்த மரபின் இரண்டாவது அளவுகோல். அந்த வகையில் ஹக்ஸ்லிக்கு இணை குறைவு. ஒத்துப்போகாதவர்களுக்குத் தீவுகளையும் அவர் ஒதுக்குகிறார். எழுத்தாளன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மோசமான தட்பவெப்பம் உள்ள தீவாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஜானுக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. சோதனை தொடர வேண்டும் என்கிறார் மாண்ட்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) தீவுகளையும் மூடிவிடுகிறது. வின்ஸ்டன் ஸ்மித்துக்கு எஞ்சியிருப்பது தொலைத்திரையின் பார்வைக்குத் தப்பிய ஒரு சுவர் மூலையும் ஒரு நாட்குறிப்பும். பிறகு அதுவும் போகிறது. ஓயாத போரும் ஓயாத அச்சமும் பாதுகாப்பின் பெயரால் நடக்கின்றன, ஆனால் அங்கே எவருக்கும் பாதுகாப்பு இல்லை. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) வேறொரு குற்றவாளியைக் காட்டுகிறது. புத்தகங்களை முதலில் கைவிட்டவர்கள் மக்களே என்கிறார், அவற்றைக் கொளுத்துவதையே வேலையாகக் கொண்ட தீயணைப்புத் தலைவர் பீட்டி.

முன்னே சொன்ன முதல் அளவுகோலுக்கே சவால் விடுவது பி. எஃப். ஸ்கின்னரின் 'வால்டன் டூ' (1948). உளவியலாளரான அவர் கற்பித்த குடியிருப்பில் யாரும் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். சுவர் இல்லை, சீட்டு இல்லை. ஆனால் குழந்தைப் பருவத்திலிருந்தே விருப்பங்கள் பழக்கி உருவாக்கப்படுகின்றன. போகலாம், போகத் தோன்றாது. கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வெளியே போகும் ஆசையை யார் வளர்த்தார்கள், யார் கருக்கினார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. லாயிஸ் லவ்ரியின் 'தி கிவர்' (1993) இந்த இடத்தைச் சிறுவர் இலக்கியத்தில் தொடுகிறது. அந்த ஊரில் பொருந்தாதவர் வேறிடம் போக விண்ணப்பிக்கலாம். விடுவிப்பு என்று அவர்கள் சொல்வது நச்சு ஊசி என்று சிறுவன் ஜோனஸுக்குப் பிறகுதான் தெரிகிறது.

உர்சுலா லெ குவினின் 'தி டிஸ்பொசஸ்டு' (1974) இரு பள்ளிகளையும் ஒரே நூலில் சேர்த்தது. அரசே இல்லாத அனாரஸில் சட்டம் எவரையும் தடுப்பதில்லை. ஆனாலும் விண்கலத் துறையைச் சுற்றியுள்ள, குழந்தைகூட ஏறிக் குதிக்கக்கூடிய சுவரைத் தாண்டி இயற்பியலாளர் ஷெவெக் புறப்படும்போது, துரோகி என்று கூட்டம் கல்லெறிகிறது. அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பே அங்கே அரசு. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) ரொக்கையாவின் கேள்வியைத் தலைகீழாக்குகிறது. பெண்களைத் தாக்குதலிலிருந்து காப்பதாகச் சொல்லியே கிலியட் என்ற நாட்டின் அரசு அவர்களின் பெயரையும் பணத்தையும் படிப்பையும் பறிக்கிறது.

தமிழில் இந்த மரபைப் பெருவாரி வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. 1980களில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் உள்ள 2021ஆம் ஆண்டு இந்தியாவைக் காட்டியது. அங்கே பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவன் காணாமல் போய்த் தவிக்கும் நிலாவுக்குத் துணையாக நின்று, தன் புத்தியால் யோசித்து, ஆட்சியின் பொய்யைக் குடைந்து பார்ப்பது ஜீனோ என்ற எந்திர நாய். தனித்தன்மையை மனிதர்களிடம் தேடாமல் ஓர் இயந்திரத்திடம் வைத்ததில்தான் சுஜாதா மேலை நாவல்களின் வழியிலிருந்து விலகித் தன் வழியில் போனார்.