4.4 விநாடி சொல்லாத அரை விநாடி

நம்ம ஊரில் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "பிக்கப் எப்படி?" இணையத்தில் அதே கேள்வி "0-100 எத்தனை விநாடி?" என்று உருமாறி வரும். இரண்டும் ஒரே கேள்விதான் என்று நானும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று புரிய எனக்கு இரண்டு எம்5 கார்களும், ஒரு வாடகைக் காரும், ஒரு வெட்டிச் செலவும் தேவைப்பட்டன.

முதலில் எம்5. வேலை நிமித்தமாக மூனிக்கில் இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் இ39 தலைமுறை பி.எம்.டபிள்யூ எம்5 இருந்தது. 1998 முதல் 2003 வரை வந்த கார். 4.9 லிட்டர் வி8, டர்போ கிடையாது, 400 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, கையால் மாற்றும் 6 கியர். அவருடைய அண்ணனிடம் எஃப்10 எம்5. 2011இல் வந்த தலைமுறை. 4.4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன், 680 நியூட்டன் மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் ஒரே கிராமப்புறச் சாலையில் ஓட்டக் கொடுத்தார்கள். புண்ணியவான்கள்!

காகிதத்தில் போட்டியே இல்லை. பழையது 0-100க்கு 5.3 விநாடி, புதியது 4.4. முழுசா மிதித்தால் காகிதம் சொன்னது உண்மைதான். எஃப்10 முதுகை சீட்டோடு ஒட்டவைத்துவிடும். ஆனால் ஊர் எல்லை தாண்டி, 50இல் போய்க்கொண்டிருந்த வண்டியை 80க்குக் கொண்டுபோகக் காலை லேசாக அழுத்தியபோது கதை வேறு. இ39 அழுத்திய கணமே நகர்ந்தது. எஃப்10 ஒரு மூச்சு யோசித்துவிட்டு, பிறகு நான் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தது.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு சர்வர் விநாடிக்கு எத்தனை வேண்டுகோள்களை முடிக்கிறது என்பது த்ரூபுட். ஒரு வேண்டுகோளுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் என்பது லேட்டன்சி. ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் கெடுக்கலாம். 0-100 என்பது காரின் த்ரூபுட். மிதித்ததும் கேட்கிறதா என்பது லேட்டன்சி. நம்ம "பிக்கப்" என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. கார் விமர்சனங்களோ மூட்டையைப் பிரித்து, அளக்கச் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொண்டன.

தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? "பழைய காரில் கேபிள், புதுசில் ஒயர், அதான்" என்று சிலர் சொல்வார்கள். இந்த ஜோடிக்கு அது பொருந்தாது. இ39 எம்5இலும் த்ராட்டில் மின்னணுதான். பெடலில் சென்சார், நடுவில் கணினி, த்ராட்டிலைத் திறக்க மோட்டார். வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது. இ39இல் எட்டு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், வால்வுக்குப் பக்கத்திலேயே. திறந்ததும் நிரப்ப வேண்டிய காற்றறை சின்னது. ஓரிரு சுற்றில் சிலிண்டருக்குள் காற்று வந்துவிடும்.

டர்போவில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதிகக் காற்று வேண்டுமானால் டர்போ வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு அதிகப் புகைவேகம் வேண்டும். அதற்கு ஏற்கெனவே அதிகம் எரிந்திருக்க வேண்டும். அதற்கு அதிகக் காற்று வேண்டும். கோழியா முட்டையா கதை. இதைச் சுருக்க பி.எம்.டபிள்யூ பொறியாளர்கள் நிஜமாகவே உழைத்திருக்கிறார்கள். டர்போக்களை இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில், வி வடிவத்தின் பள்ளத்திலேயே வைத்தார்கள். இரண்டு வரிசையின் புகையையும் ஒழுங்கான இடைவெளியில் டர்போவுக்குப் போகும்படி குறுக்கே இணைத்தார்கள். குறை சொல்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்: அந்தக் கால டர்போ கார்களில் எஃப்10 சோம்பேறி அல்ல. ஆனால் சங்கிலி குட்டையானதே தவிர, அறுபடவில்லை.

என் முதல் குற்றச்சாட்டு விளம்பரத் தாள் மீது. "1500 சுழற்சியிலேயே 680 நியூட்டன் மீட்டர்" என்கிறது அது. இந்த வரைபடங்கள் முழு த்ராட்டிலில், இன்ஜினை ஒரே சுழற்சியில் நிறுத்தி, எல்லாம் நிலைபெற்ற பிறகு அளந்தவை. அதாவது 1500இல் அவ்வளவு விசை *இருக்க முடியும்*. 1500இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் *அந்தக் கணமே* வரும் என்று அர்த்தமில்லை. தாளில் நேரத்துக்கு ஓர் அச்சே கிடையாது.

இரண்டாவது, 0-100 மீதே. ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு எஃப்10 சுமார் 1,945 கிலோ. அதை 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல் 750 கிலோஜூல். 560 குதிரைத்திறன் என்றால் 412 கிலோவாட். வகுத்தால் 1.8 விநாடி. நிஜத்தில் ஆவது 4.4. மிச்சம் எங்கே போனது? கொஞ்சம் கியரிலும் உராய்விலும், பெரும்பங்கு டயரில். முடுக்கும்போது எடையில் 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் இருக்கிறது, டயர் தன் மேலுள்ள எடைக்குச் சமமாகப் பிடிக்கிறது என்று வைத்தால், பின்சக்கர வண்டிக்குத் தோராயமாக 4.7 விநாடி வரும். நல்ல டயர் இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஆக 4.4 என்பது இன்ஜினைவிட டயரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. சாட்சி வேண்டுமா? அடுத்த தலைமுறை எஃப்90க்குக் கூடுதலாகக் கிடைத்தது 40 குதிரைத்திறன்தான். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்க ஆரம்பித்தது. 0-100 ஒரேயடியாக 3.4க்கு இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் பத்திரிகைகள் அளக்கும்போது, கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடும் வழக்கம் உண்டு. சுமார் 0.3 விநாடி அதில் மறைந்துபோகும். கால் பேசுவதும் கார் கேட்பதும் நடக்கிற அந்த ஆரம்பத் துண்டைத்தான் வெட்டிப் போடுகிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு எஃப்10 மீதே. இன்ஜினின் சுழற்சி, முறுக்கு விசைத் தகவலை வைத்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக அது சத்தம் போடுகிறது. இரைச்சல் குறைந்த கேபினுக்கு அது தேவைப்பட்டது என்பார்கள். சத்தம் என்பது ஓட்டுகிறவனுக்கு அளவுகோல். இன்ஜின் கேட்டுவிட்டது என்று காது காலுக்குச் சொல்லும் செய்தி. அதை இன்னொருவர் தயாரித்துக் கொடுத்தால், என் அளவுகோலை அவர் கையில் கொடுத்த மாதிரி.

ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இ39இலும் உண்டு, எஃப்10இல் மூன்று நிலைகளே உண்டு. அது முக்கியமாக மாற்றுவது பெடலின் மொழிபெயர்ப்பை. 30 சதவீதம் மிதித்தால் 50 சதவீதம் என்று இன்ஜினிடம் சொல்லும். நடுங்காமல் இருக்கப் போட்டிருக்கும் மென்பொருள் வடிகட்டியைக் கொஞ்சம் தளர்த்தவும் செய்யலாம். டர்போ சுற்ற ஆகும் நேரத்தைப் பொத்தான் முழுசாக ஒழித்துவிடாது.

இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஊர் திரும்பியதும் என் டர்போ டீசல் செடானுக்கு பெடலில் மாட்டும் ஒரு குட்டிப் பெட்டி வாங்கினேன். "வண்டி பறக்குது" என்று நண்பர்களிடம் சொன்னேன், இரண்டு பேரை வாங்கவும் வைத்தேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. மச்சானைக் கூப்பிட்டு, எனக்குச் சொல்லாமல் பெட்டியை மாட்டவோ கழற்றவோ சொன்னேன். ஒரு காலி வளாகத்தின் தார் ரோட்டில் இருபது ஓட்டம். பாதி மிதித்தபோது ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். முழுசா மிதித்தபோது பூவா தலையா போட்ட மாதிரிதான் வந்தது. பெட்டி செய்தது, என் காலை இன்னும் அழுத்தியதாகப் பொய் சொன்னது மட்டுமே. அந்த இரண்டு நண்பர்களிடமும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் இன்னும் நம்பவில்லை.

"அரை விநாடிக்கு இவ்வளவு பேச்சா?" என்றால், வாடகைக் கார் கதைக்கு வருகிறேன். மூனிக்குக்குத் தெற்கே இருவழிச் சாலை. முன்னால் லாரி, 70இல். எதிரே தூரத்தில் ஒரு கார். காகிதத்தில் நல்ல பிக்கப் உள்ள டர்போ பெட்ரோல் வண்டிதானே என்று வெளியே எடுத்து மிதித்தேன். ஆட்டோமேட்டிக் கியர் இரண்டு படி இறங்கியது, டர்போ எழுந்தது. மொத்தம் ஒரு விநாடி இருக்கும். எதிர்க்கார் 100இல், நான் 70இல்: ஒரு விநாடியில் நடுவிலிருந்து சுமார் 47 மீட்டர் போய்விட்டது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள்தான், "ஏன்ப்பா திரும்பி வந்துட்டோம்?" என்று கேட்டாள். வண்டி மேல் குற்றமில்லை. தவறான எண்ணை வைத்துக் கணக்குப் போட்டது நான்.

பழசைக் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். ஊருக்குள் இ39இன் ஸ்போர்ட் நிலை எரிச்சலூட்டும். முழு விசைக்கும் 3800 சுழற்சி வரை ஏற்ற வேண்டும். இப்போதைய ஜி90 எம்5இல் கியர்பெட்டிக்குள் ஒரு மின்மோட்டார் இருக்கிறது. டர்போ எழும்வரை ஏற்படும் பள்ளத்தை நிரப்ப மின்மோட்டாரைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. மொத்தம் 727 குதிரைத்திறன், எடை 2,400 கிலோவுக்கும் மேல். 0-100? 3.5 விநாடி. முந்தைய காரைவிட 0.1 மெதுவு. "பின்னேறிவிட்டது" என்று பலர் எழுதினார்கள். எடையைத் திட்டுவது நியாயம். ஆனால் தாமதத்தில் என்ன மாறியது என்பதை அந்த 3.5ஐ வைத்துச் சொல்லவே முடியாது.

அடுத்த முறை டெஸ்ட் டிரைவ் போனால், ஷோரூம்காரர் முழுசா மிதிக்கச் சொல்வார். அதை அவருக்காக ஒருமுறை செய்யுங்கள். பிறகு பாதுகாப்பான காலி ரோட்டில், பொத்தானையெல்லாம் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, ஆடியோவை அணைத்து, மேல் கியரில் 60இல் சீராகப் போய், கால்வாசி மட்டும் அழுத்துங்கள். வண்டி கேட்கும் வரை மனசுக்குள் எண்ணுங்கள். அந்த எண் எந்தத் தாளிலும் இருக்காது.