மனஸ்தாபம், மனந்திரும்புதல், ஒப்புரவு: சேலம் – நாமக்கல் சமவெளியின் கிறித்தவத் தமிழில் பாவ உணர்வும் கீழ்ப்படிதலும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியங்களையே சுற்றி நிகழ்ந்துள்ளன. தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்திற்கும் கிடைத்த கவனம், அன்றாடச் செபத்திலும் மறைக்கல்வியிலும் வழங்கிய உரைநடைச் சொற்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், ஒரு மனிதன் தன் பாவத்தை எவ்வாறு உணர வேண்டும், யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பவற்றை அவனுக்குக் கற்பித்தவை காப்பியங்கள் அல்ல, இச்சொற்களே. சேலம் – நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்டு அச்சொற்களுள் சிலவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கத்தோலிக்கம், சீர்திருத்தச் சபை என்னும் இரு மரபுகளின் சொற்களும் இச்சமவெளியில் அருகருகே வழங்கியமையே இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இராபர்ட் தெ நோபிலி 1606 இல் மதுரைக்கு வந்தவர். 1623 இல் அங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் ஆகிய பாளையங்களுக்குச் சென்றார். அவ்வாண்டின் சனவரித் திங்களில்தான், பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறித்தவராகும் உயர்சாதியார் தொடர்ந்து கொள்ளலாம் என்னும் இசைவைத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வழங்கியிருந்தார். இவ்விரு நிகழ்வுகளும் ஓராண்டில் அமைந்ததை வரலாற்றாசிரியர்கள் பணியின் வெற்றியாகவே எழுதுவர். பாவம், மனமாற்றம் என்னும் கோணத்திலிருந்து நோக்கினால் வேறொரு வினா எழுகிறது. மனந்திரும்பி வருபவன் எவற்றை விட்டுத் திரும்ப வேண்டும்? பூணூலும் குடுமியும் சமய அடையாளங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்பது நோபிலியின் வாதம். அவ்வாதம் ஏற்கப்பட்டபோது, சாதி வேறுபாடு பாவப் பட்டியலுக்கு வெளியே வைக்கப்பட்டது. ஏற்கப்பட்டதன் பயன் பெரிது, விலையும் பெரிது. 1640 முதல் பிற சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பணியாளர் பிரிவை அமைக்க வேண்டி வந்தது அவ்விலையின் ஒரு பகுதி.

சேலத்துப் பாளைய ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் உரிமை இழந்திருந்தவருமான திருமங்கல நாயக்கர் நோபிலியிடம் திருமுழுக்குப் பெற்றார். அரசுரிமை இழந்தவரின் மனமாற்றத்தில் இழப்பின் பங்கு எவ்வளவு, பாவ உணர்வின் பங்கு எவ்வளவு என்று நாம் பிரித்தறிய வழியில்லை. நமக்கு எஞ்சியிருப்பவை இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்கள். அவற்றில் பேசுபவர் குரு. மனந்திரும்பியவர் பேசப்படுபவராகவே நிற்கிறார். பாவ அறிக்கையை மையமாகக் கொண்ட ஒரு சமய மரபில், அறிக்கையிட்டவரின் குரல் ஆவணத்தில் இல்லாமை கருதத்தக்கது. (அறிக்கை மறைபொருளாகக் காக்கப்பட வேண்டும் என்னும் விதி இதற்கு ஓரளவே விடையாகும்.)

இனிச் சொற்களுக்கு வருவோம். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் பாவ அறிக்கைக்கான கையேடும் ஒன்று. அண்டிரிக்கு அடிகளாரின் அந்நூல் 1580 இல் கொச்சியில் வெளிவந்தது. ‘கொம்பெசியொனாயரு’ என்னும் அதன் பெயர் போர்த்துக்கீசியச் சொல்லின் ஒலிபெயர்ப்பே. பின்வந்த கத்தோலிக்கத் தமிழ் ஒலிபெயர்ப்பைக் கைவிட்டு வடமொழியை நாடியது. பச்சாத்தாபம் அருட்சாதனத்தின் பெயராயிற்று. பாவசங்கீர்த்தனம் அறிக்கையின் பெயராயிற்று. மனஸ்தாபம் உள்ளத்து வருத்தத்தின் பெயராயிற்று. இவற்றுள் பாவசங்கீர்த்தனம் விந்தையானது. சங்கீர்த்தனம் என்பது வைணவ மரபில் பலர் கூடி உரக்கப் பாடும் இறைபுகழ். குருவின் செவியில் மட்டும் மெல்லச் சொல்லப்படும் குற்றத்திற்கு அப்பெயர் எவ்வாறு பொருந்திற்று? சொல்லாக்கத்தின் பிழை என்று இதனை ஒதுக்குவது எளிது. குற்றத்தைச் சொல்வதே இறைவனின் இரக்கத்தைப் புகழ்வதாகும் என்னும் பழைய இறையியல் கருத்தும் அதில் பொதிந்திருக்கலாம் என்பது என் கருத்து. இலத்தீன் மரபில் ‘அறிக்கை’ என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு.

மனஸ்தாபத்தின் கதி வேறு. தாபம் என்பது வெம்மை, உள்ளம் சுடுதல். செபநூல்களின் ‘உத்தம மனஸ்தாபம்’ தண்டனை அச்சத்தால் அன்றி இறையன்பால் எழும் வருத்தத்தைக் குறித்தது. இன்றோ, இருவரிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனால் அதனை மனஸ்தாபம் என்கிறோம். தன்மீது கொண்ட வருத்தத்தைச் சுட்டிய சொல் பிறர்மீது கொண்ட வருத்தத்திற்குப் பெயராகிவிட்டது. ‘கற்பனை’யும் அவ்வாறே. பத்துக் கற்பனைகள் என்றால் கட்டளைகள் என்று அறிந்த தலைமுறை மறைந்து, அச்சொல் புனைவுக்கு மட்டுமே உரியதாயிற்று. கற்பனையைக் கைக்கொள்ளுதல் என்னும் தொடர் இன்றைய மாணவனுக்கு நகைப்பூட்டுகிறது.

இச்சொற்களை மொழிபெயர்ப்பாக மட்டும் கொள்வது போதாது. நோபிலியின் பெயரால் வழங்கும் நூல்களுள் மறுபிறப்பை மறுக்கும் புனர்ஜென்ம ஆட்சேபமும் ஒன்று. வினைப்பயனை நுகர்ந்தே தீர வேண்டும் என்னும் கொள்கை நிலைத்திருக்கும்வரை மன்னிப்புக்கு இடமில்லை. ஆகவே மனஸ்தாபத்தை நிலைநாட்ட மறுபிறப்பை மறுக்க வேண்டியிருந்தது. ஆயினும் இவ்வெதிர்நிலை முழுமையானதன்று. அருளால் வினை நீங்கும் என்பதே சைவத்தின் துணிபும். தன் குற்றத்தை நொந்து இறைவன்முன் நிற்கும் குரலை மாணிக்கவாசகரிடமே தமிழர் கேட்டிருந்தனர். நோபிலி வெற்றிடத்தில் பேசவில்லை.

1827 இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த என்றி கிரிஸ்ப் சேலத்தில் பணி தொடங்கியபின் சீர்திருத்தச் சபைச் சொற்கள் இச்சமவெளியில் வேரூன்றின. அவற்றுள் தலையாயது மனந்திரும்புதல். மனத்தின் மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், திரும்பி வருதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையும் ஒருசேரத் தாங்கும் அரிய ஆக்கம் இது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மனம் மாறுதல்’ என்பதைத் தேர்ந்தது. எளிமை கருதிய மாற்றமாயினும் இழப்பு உண்டு. மாறுபவன் எதுவாகவும் மாறலாம். திரும்புபவனுக்கோ முன்பு தான் இருந்த இடம் ஒன்று உண்டு.

கீழ்ப்படிதல் என்னும் சொல்லில் இழப்பு இதனினும் கடுமையானது. விவிலிய மொழிகளில் கீழ்ப்படிதலின் வேர் செவியுறுதல். தமிழிலும் ‘சொல் கேட்கிறவன்’ என்றால் பணிபவன் என்றே பொருள். கேள் என்னும் வினை செவியுறுதலையும் வினவுதலையும் இசைதலையும் ஒருங்கே குறிக்கும். சவுல் மன்னனைச் சாமுவேல் கடிந்துரைக்கும் பகுதியில் பழைய மொழிபெயர்ப்பாளர் கீழ்ப்படிதலையும் செவிகொடுத்தலையும் அடுத்தடுத்து அமைத்துள்ளனர். ஆனால் சபை வழக்கில் நிலைபெற்றது கீழே படியும் உடலின் படிமமே. பண்ணையிலும் தெருவிலும் கீழே நிற்குமாறு பணிக்கப்பட்ட மக்களிடம் அச்சொல் ஒரு பழைய கட்டளையின் எதிரொலியாக ஒலித்திருக்கும். கேட்பவனுக்கு வினவும் உரிமையும் உண்டு; படிபவனுக்கு அது இல்லை.

அண்மைக்காலக் கத்தோலிக்க வழக்கு பச்சாத்தாபத்தை விடுத்து ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறது. குறளில் ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்ந்து பிறர்க்கு உதவும் கடமை. விவிலியத் தமிழில் அது இறைவனோடு மீண்டும் இணங்குதலாயிற்று. புதிய சொல் பழைய பொருளையும் உடன்கொண்டு வருமாயின், 1623 இல் பாவப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டதும் அறிக்கைக்குள் வந்தாக வேண்டும். ஆனால் அறிக்கையிடும் முறை இன்றும் குருவுக்கும் ஒருவனுக்கும் இடைப்பட்டதாகவே பெரும்பாலும் உள்ளது; சேலம், நாமக்கல் ஊர்களின் முதியோர் நாவில் அதன் பெயர் இன்னும் பாவசங்கீர்த்தனம்தான்.