குறிச்சொல்லும் யாப்பும்

பழைய ஏடுகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. பாட்டும் உரையும் அடி பிரியாது தொடர்ந்து செல்லும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஆற்றிய பெரும்பணிகளுள் ஒன்று, பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என வரையறுத்தமையாகும். இன்று கணினிக்கென எக்ஸ்.எம்.எல். முறையில் ஒரு நூலை அமைப்போர் செய்வதும் இதுவே. பகுதியொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர்கள் இடும் பெயர் குறிச்சொல் எனப்படும்.

1998இல் வகுக்கப்பட்ட இம்முறை குறிச்சொற்களை முன்கூட்டி விதிப்பதில்லை. அமைப்போர் தாமே படைத்துக்கொள்ளலாம், தமிழெழுத்திலும் பெயரிடலாம். எனவே அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புக்கு ஒன்றாகக் குறிச்சொல் அமைத்தால் யாப்பிலக்கணம் முழுவதும் கணினிக்குள் வந்துவிடும் எனத் தோன்றலாம். இது மயக்கமேயாகும்.

அசை சீருக்குள் அடங்கும். சீர் அடிக்குள் அடங்கும். தளையோ எதையும் அடக்குவதன்று. நின்ற சீரின் ஈற்றசைக்கும் வருஞ்சீரின் முதலசைக்கும் இடையே உள்ள உறவே அது. அதனைத் தனியுறுப்பாகச் சூழ்ந்து குறிப்பது இலக்கணத்தைத் திரிப்பதாகும். வருஞ்சீரின் பண்பாகக் குறிப்பதே தகும்.

இதனினும் அரியது வகையுளி. 'அவன் வருகின்றான்' என்பது செய்யுளில் 'அவன்வரு கின்றான்' எனக் கருவிளமும் தேமாவுமாகப் பிரியும். 'வருகின்றான்' என்னும் சொல் முதற்சீரில் தொடங்கி அடுத்த சீரில் முடிகிறது. எக்ஸ்.எம்.எல். விதியோ, உள்ளே திறந்த குறிச்சொல் உள்ளேயே மூடப்பட வேண்டும் என்பது. ஆகவே சீரையும் சொல்லையும் ஒருங்கே சூழ்ந்து குறித்தல் இயலாது. சீரை மட்டும் குறித்தால், சொல்லடைவு தொகுக்கும் கணினி 'கின்றான்' என்பதைத் தனிச்சொல்லாக எண்ணும். சொல்லை மட்டும் குறித்தால் ஓசை மறைந்துவிடும்.

1987இல் தொடங்கிய உரைக் குறியாக்க முன்முயற்சி, இத்தகைய முரணுக்குச் சில வழிகளை வகுத்துள்ளது. சொல்லை இரு துண்டாக்கி, முதற்பகுதி, இறுதிப்பகுதி எனப் பண்பாற் சுட்டி இணைப்பது ஒன்று. சீரின் எல்லையை உள்ளீடற்ற குறியால் மட்டும் காட்டுவது மற்றொன்று. வெண்பாவைப் பொறுத்தவரை முன்னதே ஏற்புடையது. சீரே அங்கு ஓசையின் அடிப்படையாதலின், அதனை வெறும் எல்லைக்கோடாகக் குறுக்குதல் பொருந்தாது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எஞ்சிய அச்சுநூல்களைப் பெரும்பாலும் பக்கப் படிமங்களாகக் காத்துவருகிறது. படிமம் நூலைக் காக்கும். அதன் அமைதியைக் கணினிக்கு உணர்த்தாது. அவ்வடுத்த பணியில் கை வைப்போர், குறிச்சொல்லும் ஓர் உரையே என்பதை மறத்தலாகாது. பிழையான உரை ஒரு நூலைக் கெடுக்கும். பிழையான குறிச்சொல்லோ அதனாற் குறிக்கப்படும் நூல்கள் அனைத்தையும் கெடுக்கும்.