பரீட்சைத் தாளும் கடுதாசியும்

கி. ராஜநாராயணனைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு நான் ஒப்புக்கொண்டபோது அவர் புதுச்சேரியில் இருந்தார். 2021 மே 17 அன்று அவர் மறைந்தபோது என்னிடம் அந்தக் கட்டுரையின் ஏழு ஆரம்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் திருத்தமானது. ஒன்றுகூட இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி வங்கிக் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்கு, எழுத்து என்பது பிழை பிடிக்கும் ஒருவர் முன் நீட்டுகிற காகிதம். கல்லூரியில் அவர் பரீட்சகர், இப்போது ஆடிட்டர்.

சொந்தக் குறையை இங்கே சொல்லக் காரணம், நம் சிறிய வட்டத்தில் இந்த வியாதி எனக்கு மட்டும் உரியதல்ல என்பதுதான். மௌனி குறைவாக எழுதினார் என்பதை வைத்துக்கொண்டு, எழுதாமலிருப்பதையே ஒரு தகுதியாக்கிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இருக்கிறது இடைசெவல். கி.ரா.வின் படிப்பு எட்டாவதைத் தாண்டவில்லை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கேயும் மழையையே பார்த்து நின்றதாகவும் அவர் சொல்லிக்கொண்டது பிரசித்தம். முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான் கதை எழுத வந்தார். அதற்கு முன்பே, கு. அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போய்விட, இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. கடிதத்துக்குப் பரீட்சகர் கிடையாது. எதிர்முனையில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு விஷயம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. கி.ரா.வின் வாக்கியம் பிறந்தது இந்த இடத்தில் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்பாடு ஜூனியர் விகடனில் எழுதியபோது ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றே தலைப்பு வைத்தார். கடிதம் என்றுகூட இல்லை, கடுதாசி.

அவர் தன் மொழியில் தன் மனசை எழுதினார், ஆகவே அது உண்மையாக இருக்கிறது என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இது ஒப்பவில்லை. அவர் வீட்டு மொழி தெலுங்கு. அழகிரிசாமிக்கும் அப்படியே. கி.ரா.வில் நாம் கேட்பது புஞ்சையிலும் களத்துமேட்டிலும் காது கொடுத்து வாங்கிய தமிழ். ‘தன் குரல்’ என்று நாமெல்லாம் உள்ளே தோண்டிக்கொண்டிருப்பது அவருக்கு வெளியே, பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. உழைப்பை அவர் கைவிடவில்லை. கேட்கிற ஆளை மாற்றிக்கொண்டார்.

போன வருஷம் நகை ஏல நோட்டீஸோடு ஒரு சம்சாரி வந்தார். இரண்டு விதைப்பு மழையில்லாமல் கருகியதையும், மூன்றாவதாகத் தேறிய மக்காச்சோளத்தில் பன்றி இறங்கியதையும், அவர் வீட்டம்மா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்ததையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த காசாளர் எண்ணின நோட்டை மறந்து மறுபடி எண்ணினார். “இதையே எழுதிக் குடுங்க ஐயா, அவகாசம் கேட்டுப் பார்க்கலாம்” என்றேன். “இது பேசுறதுல்ல சார். எழுதுனா ஒத்துக்கிடுவாகளா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய், யாரிடமோ எழுதி வாங்கி வந்தார். ‘மேற்படி பயிர் சேதமடைந்த காரணத்தால்’ என்று ஆரம்பித்தது மனு. ஒரு பிழையில்லை. பன்றியும் இல்லை, தகர டப்பாவும் இல்லை.

‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு வீட்டின் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டில், வாடைக்காற்றில், கைக்குழந்தை செத்துப்போகிறது. கதையை ‘அமைக்க’த் தெரிந்த எவரும் இந்தச் சாவோடு நிறுத்தியிருப்பார்கள். நான் நிறுத்தியிருப்பேன். கி.ரா. நிறுத்தவில்லை. பிள்ளைகள் சாவடியில் கிடக்கும் தங்கள் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளும் சந்தோஷத்துக்குப் போய்விடுகிறார். தம்பியின் சாவும் இந்தச் சந்தோஷமும் ஒட்டுமா என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஒட்டாத இடம்தான் கதை.

1982-இல் வந்த கரிசல் வட்டார வழக்கு அகராதியும் இதே சுபாவம்தான். மொழியியல் பயிற்சி இல்லாத ஒரு சம்சாரி, கிடைத்த சொற்களோடு அதை வெளியிட்டார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வந்ததற்கு இந்த முன்னுதாரணம் உதவியிருக்கிறது.

எனக்கு ஆட்சேபம் இல்லாமலில்லை. பத்திரிகைத் தொடர்களில் அவர் பேச்சு சில சமயம் வெறும் ருசியாகச் சரிந்துவிடுகிறது. வாசகன் தலையாட்டுவது நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் அந்த வாசகனும் எழுத்துக்குக் கெடுதல்தான். அவருக்குப் பின் வந்தவர்களில் சிலரிடம் நிலைமை இன்னும் மோசம். பத்திக்கு இத்தனை வட்டாரச் சொல் என்று கணக்குவைத்து எழுதுகிறார்கள். பழைய பரீட்சகரே வேட்டி கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

வட்டார வழக்குதான் வழி என்றால் அழகிரிசாமியை எங்கே வைப்பது? அதே இடைசெவல்காரர். 1970-இல், நாற்பத்தாறு வயதில் இறந்தார். ‘அன்பளிப்பு’க்கான சாகித்திய அகாதெமி பரிசு இறந்த பிறகு வந்தது. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஆசிரியர் கூற்று எந்த ஊர்க்காரரும் படிக்கக்கூடிய சாதாரணத் தமிழ். அங்கேயும் யாருக்கும் பயந்து எழுதிய வாக்கியம் ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை.

இந்தக் கட்டுரையில் இன்னும் எத்தனையோ ‘மேற்படி’கள் ஒட்டிக்கொண்டிருப்பதை நண்பர்கள் கவனித்திருப்பார்கள். பழைய ஏழு ஆரம்பங்களிலும் முதல் வரியில் டி. எஸ். எலியட் இருந்தார். இந்தத் தடவை அவரை எடுத்துவிட்டேன்.