வழக்குரையும் வாய்தாவும்: வ. உ. சி. சுயசரிதை பற்றிய ஓர் ஆய்வு

தமிழிலக்கியத்துள் வழக்குகள் பல உள. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. சோழன் தன் மைந்தனைத் தேர்க்காலில் இட்டான். கண்ணகி பாண்டியன் அவையிற் சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்த அப்பொழுதே வழக்கும் முடிந்தது, தவறிழைத்த வேந்தன் உயிரும் முடிந்தது. இவ்வழக்குகளுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு உண்டு. திறனாய்வாளர் அதனைப் போதிய அளவு கருதினாரல்லர். இவற்றில் காலத்தாழ்வு என்பதே இல்லை. முறையிடுவார் வருவர், சான்று காட்டுவர், அரசன் தெளிவான், வழக்கு அன்றே அற்றுவிடும். பிழைபட்ட தீர்ப்பைப் பற்றிப் பேச நமக்குச் சொல்லும் மரபும் நிரம்ப உள. தீர்ப்பே வாராத வழக்கைப் பற்றி, வழக்கு நீளுவதே ஒறுத்தலாகும் நிலையைப் பற்றிப் பேச மரபு இல்லை. அம்மரபுக்கு வித்திட்ட நூல் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுயசரிதை என்பது இக்கட்டுரையின் துணிபு.

அகவலால் அமைந்த இந்நூல், ஆசிரியர் 1936-இல் மறைந்து பத்தாண்டு கழிந்த பின், 1946-இல் அச்சேறிற்று. செய்யுள் உடையணிந்த உரைநடை, கற்பனை வறண்டது, நாட்குறிப்புப் போன்றது என்று இதனை ஒதுக்குவார் உளர். நாட்குறிப்புப் போன்றது என்பது மெய்யே. அதனையே குறையெனக் கொண்டமைதான் ஆராய்தற்குரியது.

நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் வேண்டும். 1908 பிப்ரவரித் திங்களின் இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் வேண்டி வேலை நிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணை நின்றனர். மார்ச்சுத் தொடக்கத்தில் ஆலையார் இணங்கினர். தொழிலாளர் வென்ற சின்னாளில், மார்ச்சு 12-இல், மாவட்ட ஆட்சியர் விஞ்சு இருவரையும் சிறைப்படுத்தினார். தொடக்கத்தில் அவர்கள்மேல் வந்தது அரச நிந்தனை வழக்கன்று. அமைதி காப்பதற்கும் நன்னடத்தைக்கும் பிணை கொடுக்க வேண்டும் என்னும் நடவடிக்கையே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 108 ஆம் பிரிவுகள் அதற்கு இடந்தந்தன. அரச நிந்தனை பின்னரே வந்தது. சூலை 7-இல் நீதிபதி பின்ஹே இருபதாண்டு நாடுகடத்தலை இருமுறை விதித்தார். உயர்நீதி மன்றம் அவ்வாண்டிலேயே அதனைக் குறைத்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளிற் கிடந்து 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பாரதியாரும் பாடினார். விஞ்சு பிள்ளைக்குச் சொல்லுவதாக ஒன்றும், பிள்ளை விஞ்சுக்கு மறுமொழி கூறுவதாக ஒன்றும் ஆக இரு பாடல்கள் அவர் தொகுப்பில் உள. அவை பெரும் பாடல்கள். எனினும் வழக்குரை காதையின் மரபிலேயே நிற்பவை. ஆள்வோன் ஒருபுறம், அஞ்சாதான் ஒருபுறம், சொல்லுக்குச் சொல், இடையில் எழுத்தன் இல்லை, அழைப்பாணை இல்லை, நாள் குறித்தல் இல்லை. சுயசரிதையிலோ இவையே உள்ளன. யார் முன் எந்நாளில் நின்றார், எவர் என்ன சொன்னார், சிறையில் யாது உணவு, யாது வேலை என்று நூல் அடுக்கிச் செல்கின்றது. பாரதியார் அந்தப் போரைக் கண்டார். பிள்ளையவர்களோ அதன் அலுவலக நடைமுறையைக் கண்டார். அவர் வழக்கறிஞர் ஆதலின் அந்நடைமுறை எவ்வாறு மனிதனைத் தேய்க்கும் என்பது அவர்க்குத் தெரியும். நூலின் வறட்சி புலமைக் குறைவால் வந்ததன்று. பொருளின் இயல்பால் வந்தது. (இதே நடைமுறையுள் ஓர் ஈரமும் இருந்தது. பூர்வாங்க விசாரணை நடத்திய வாலேசு, பின்னாளில் உயர்நீதி மன்ற நீதிபதியாகி, பிள்ளையவர்கள் இழந்த வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்தார். நன்றி மறவாத பிள்ளை தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.)

சொல்லாராய்ச்சியும் இதற்கு அரண் செய்யும். வாய்தா என்பது அரபு மூலத்தது. ஆங்கு அதன் பொருள் வாக்குறுதி. தமிழில் அது முதலில் வரி கட்டும் தவணையாகிப் பின்னர் வழக்கைத் தள்ளிவைக்கும் நாளாயிற்று. வாக்குறுதி எனப் பிறந்த சொல் ஒத்திவைப்பு என முடிந்தது. அதற்கு ஒத்த பழந்தமிழ்ச் சொல் நம் பேச்சில் நிலைக்கவில்லை. அவ்வனுபவம் அரசன் அவைக்கு உரியதன்று, கச்சேரிக்கே உரியது. பிணை என்பதோ நம் சொல்லே. கட்டுதல் என்னும் வேர்ப்பொருள் அதனுள் இன்றும் மறையவில்லை.

1908-இல் விஞ்சு கையாண்ட 107 ஆம் பிரிவு அவரோடு ஒழியவில்லை. 1973-இல் இயற்றப்பட்ட புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது அதே எண்ணோடு நின்றது; 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தில் 126 ஆம் பிரிவாக வாழ்கின்றது. ஊர்ப்பகையைத் தணிக்க அது பயன்படுதலை மறுப்பாரில்லை. ஆயின் குற்றம் செய்யாதவனை, செய்யக்கூடும் என்னும் ஐயத்தால், ஓராண்டு வரை கட்டிவைக்க அது இடந்தருகின்றது. விசாரிப்பவரும் நீதிபதி அல்லர், வருவாய்த்துறை அலுவலர். விசாரணை தொடங்கு முன்னே இடைக்காலப் பிணை கேட்டல் ஆகாது என்று 1970-இல் மது லிமாயி வழக்கில் உச்சநீதி மன்றம் வரம்பு கட்டிற்று. காவல் துணை ஆணையர்க்கே இவ்வதிகாரத்தை வழங்கிய அரசாணைகள் அரசமைப்புக்கு மாறானவை என்று 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதி மன்றம் கூறிற்று.

பிள்ளையவர்கள்மேல் வந்த 124-அ என்னும் அரச நிந்தனைப் பிரிவும் அவ்வாறே நீடித்தது. கூடங்குளம் அணுவுலையை எதிர்த்த இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர்மேல் அப்பிரிவு ஏவப்பட்டது. குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என 2013 மே 6-இல் உச்சநீதி மன்றம் சொல்லியும் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. அப்பிரிவையே அந்நீதிமன்றம் 2022 மே 11-இல் நிறுத்திவைத்தது.

வடதிசைக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையைச் சென்னை மக்கள் 2020-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் பெயரால் அறிவர். அதற்கு முன்னரே அவ்வூர் வேறொரு காரணத்தால் அறியப்பட்டது. ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஏரிகளின் நீர்வரத்துக்கும் நம்பியிருந்த காட்டு நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொள்ளப்பட்டது. மிசெலின் டயர் ஆலை ஆங்கு எழுந்தது. பெரும்பாலும் ஆதிதிராவிடராகிய மக்கள் எதிர்த்தனர், கைது செய்யப்பட்டனர், அவர்கள்மேல் வழக்குகள் தொடரப்பட்டன. 2012-இல் அவ்வூர்ச் சங்கம் பிரெஞ்சு அமைப்புக்கள் சிலவற்றோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்குரிய நெறிமுறைகளின் கீழ்ப் பிரான்சு நாட்டு அமைப்பொன்றிடம் முறையிட்டது. 2013-இல் அறிக்கை வெளிவந்தது. 1998-இல் ஐக்கிய நாடுகள் பேரவை மனித உரிமைக் காப்பாளர் பற்றி வெளியிட்ட சாற்றுரை இத்தகையோரைக் கருதியதே.

பாரிசு நகரிற் சென்று சேர்ந்த அக்குரலுக்குத் தமிழில் இலக்கியம் எங்கே? கும்மிடிப்பூண்டி வட்டத்தார்க்குரிய கோட்டாட்சியர் அலுவலகம் பொன்னேரியில் உள்ளது. கவரைப்பேட்டை கடந்து செல்லும் சிறு பயணமே. ஆயின் அழைக்கப்படும் ஒவ்வொரு நாளும் கூலியாள் ஒருவனுக்கு ஒருநாட் கூலி இல்லை. இதனைக் காவியமாக்கல் அரிது; சிலம்பு உடையும் கணம் இதில் இல்லை. நாளும் தொகையும் பெயரும் குறிக்கும் வறண்ட நடையே இதற்கு ஏற்றது. அந்நடையைப் பிள்ளையவர்கள் அமைத்துத் தந்தும், கற்பனை இன்மை என்னும் ஒரு சொல்லால் நாம் அதனை ஒதுக்கினோம். மனுக்களும் வாக்குமூலங்களும் வழக்குக் கட்டுக்களும் தமிழாய்வுக்கு உரியன அல்ல என்னும் எண்ணமும் இவ்வொதுக்கலின் விளைவேயாம்.

அழைப்பாணையின் மொழியையே எடுத்துக்கொள்வோம். பிணைமுறி எழுதித்தருமாறு ஏன் ஆணையிடக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக என்பது சட்டத்தின் வாசகம். நன்னூலார் வகுத்த அறுவகை வினாவுள் இது எதன்பாற்படும்? அறியாமையால் எழுந்த வினாவன்று. ஐயத்தால் எழுந்ததும் அன்று. வினாவின் உருவில் நிற்கும் ஏவல் இது. ஏவுவோன் யாதொன்றும் மெய்ப்பிக்காமலே, ஏவப்பட்டோன் தன் தூய்மையை மெய்ப்பிக்குமாறு தொடர் அமைந்துள்ளது. விஞ்சின் முன் நின்ற பிள்ளையவர்கள் இவ்வினாவிற்கு விடை கூற உடன்படவில்லை, சிறை புகுந்தார். பொன்னேரி வாயிலில் நிற்பவன் யாது விடை கூறினான் என்பது அவ்வலுவலகக் கட்டுக்களிற் கிடக்கின்றது.