இலக்கு இடர் கோட்பாடு: ஒரு திறனாய்வு

கெரால்டு வைல்ட் கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1982இல் 'ரிஸ்க் அனாலிசிஸ்' ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரையும், 1994இல் வந்த 'டார்கெட் ரிஸ்க்' நூலும் வாகன ஓட்டிகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சியில் பெரும் விவாதத்தைக் கிளப்பியவை. சீட் பெல்ட், சிறந்த பிரேக், அகலமான சாலை ஆகியவற்றைக் கொடுத்தாலும் நீண்ட காலப்போக்கில் ஒரு நாட்டின் விபத்து வீதம் குறையாது என்பதே அவர் முடிவு. இது சரியென்றால் சாலைப் பாதுகாப்புக்கு அரசுகள் செய்யும் செலவில் பெரும்பகுதி வீண். தவறென்றால், இதை நம்பி ஒரு சட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகும். வெறும் ஏட்டு விவாதமாக இதை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கோட்பாடு சொல்வது

பேச்சில் ரிஸ்க் என்று சொல்லப்படும் இடர், எல்லாருக்கும் பூச்சியமாக இருக்க வேண்டும் என்று எவரும் விரும்புவதில்லை என்பது வைல்டின் தொடக்கப் புள்ளி. விரைந்து போனால் நேரம் மிச்சம். மெதுவாகப் போனால் சலிப்பு. இத்தகைய லாப நட்டங்களைக் கூட்டிக் கழித்து ஒவ்வொருவரும் தமக்கு உகந்த ஓர் இடர் அளவை மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவே இலக்கு இடர். சாலையில் உணரும் இடர் அந்த அளவுக்குக் கீழே போனால் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவார். மேலே போனால் குறைப்பார். அறையின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் கருவியை அவர் உவமையாகக் காட்டுகிறார். நம் வீட்டு ஃபிரிட்ஜிலும் அதுவே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும், உள்ளே குளிர் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது திருகி வைத்த எண்தான்.

இந்த எண்ணம் வைல்டுக்கு முன்பே இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இலேயே, அமெரிக்காவின் கார் பாதுகாப்பு விதிகளால் காருக்குள் கிடைத்த நன்மையை வெளியே நடப்போரின் இழப்பு ஈடுகட்டிவிட்டது என்று எழுதினார். பாதுகாப்புக் கருவி கொடுத்தால் மனிதர்கள் ஓரளவு அலட்சியமாவார்கள் என்பது ஒன்று. நன்மை முழுவதையும் அழிக்கும் அளவுக்கு அலட்சியமாவார்கள் என்பது வேறு. வைல்ட் சொல்வது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் விவாதத்தில் பாதிக் குழப்பம் வருகிறது.

மியூனிக் டாக்ஸிகள்

நூலின் வலுவான பகுதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த பரிசோதனை பற்றியது. ஒரு டாக்ஸி நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ் பிரேக் பொருத்தப்பட்டது. அவசரமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் இது. மற்றவற்றுக்குப் பழைய பிரேக். மற்றபடி வண்டிகள் ஒரே மாதிரியானவை. மூன்று ஆண்டுகள் கணக்கெடுத்தபோது மொத்தம் 747 விபத்துகள் பதிவாகின. ஏ.பி.எஸ் வண்டிகளின் விபத்து வீதம் குறையவில்லை. சற்று அதிகம்கூட, ஆனால் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. பயணிகள் போல ஏறிய பார்வையாளர்கள், தாம் ஏறியது எந்தப் பிரேக் உள்ள வண்டி என்பதை அறியாமலே குறிப்பெடுத்தார்கள். ஏ.பி.எஸ் வண்டிகள் கூர்மையாகத் திரும்பின, தடத்தில் சீராக நிற்கவில்லை, முன்னால் போகும் வண்டியை நெருங்கிச் சென்றன.

மனிதர் நடத்தையை ஆராய்வோர் பொறாமைப்படும் அளவுக்கு நேர்த்தியான ஏற்பாடு இது. ஓட்டுநர்கள் கருவிக்கு ஏற்ப மாறினார்கள் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் அதே பரிசோதனையின் ஒரு நுணுக்கத்தை வைல்ட் போதிய அளவு எடைபோடவில்லை. ஓட்டுநர் மீது தவறு என்று முடிவான விபத்துகளில் ஏ.பி.எஸ் வண்டிகளின் பங்கு ஓரளவு குறைவு. அவர் மீது தவறில்லாத விபத்துகளிலோ தெளிவாக அதிகம். சட்டென்று நிற்கும் வண்டியின் பின்னால், அப்படி நிற்க முடியாத வண்டி வந்து மோதுவதை நினைத்துப் பார்த்தால் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கும். அப்படியானால் அங்கே நடந்தது ஒருவர் தம் இலக்கு இடரைச் சமன் செய்துகொண்டதல்ல. இடர் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குக் கைமாறியது. மேலும் டாக்ஸி ஓட்டுநருக்கு நேரமே காசு. விரைவால் நேரடியாக வருமானம் பெறும் ஒரு தொழிலாளியிடம் கண்டதை, குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கும் பொருத்துவது பெரிய தாவல்.

ஸ்வீடன்

1967 செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்வீடன் இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. மக்கள் அஞ்சினார்கள், ஆனால் சாலை மரணங்கள் குறைந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய அளவை நோக்கித் திரும்பின. உணர்ந்த இடர் கூடியதால் எச்சரிக்கை கூடியது, அச்சம் தெளிந்ததும் பழைய நிலை வந்தது என்று வைல்ட் விளக்குகிறார். அழகான விளக்கம்தான். ஆனால் அந்த மாற்றத்தையொட்டி வேக வரம்புகளும் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டிருந்தன. குறைவுக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரிக்காமல் முழுப் பயனையும் கோட்பாட்டின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

அதே ஸ்வீடனை இன்னும் நீண்ட காலம் பார்த்தால் கோட்பாட்டுக்குச் சங்கடம் பெருகுகிறது. 1960களின் நடுவில் ஆண்டுக்கு 1,300 பேர் வரை சாலையில் இறந்த அந்நாட்டில், மக்கள்தொகை கூடிய பின்னும், 2010இல் இறந்தவர்கள் 300க்கும் குறைவு. அமெரிக்காவில் 1972இல் 54,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தனர், அதாவது லட்சம் பேருக்கு சுமார் 26. 2014இல் இது லட்சத்துக்கு சுமார் 10. 2021இல் மரணங்கள் மீண்டும் 42,000ஐத் தாண்டின. அப்போதும் லட்சத்துக்கு 13 அளவில்தான் நின்றது. ஓடிய தூரத்தைக் கொண்டு கணக்கிடக் கூடாது, தலைக்கு எத்தனை என்றே பார்க்க வேண்டும் என்று வைல்ட் வலியுறுத்தினார். தலைக்கணக்கும் பாதிக்கு மேல் சரிந்திருக்கிறது.

இதற்கு அவர் தரப்பில் ஒரு பதில் உண்டு: மக்களின் இலக்கு இடரே குறைந்துவிட்டது. இங்கேதான் கோட்பாட்டின் அடிப்படைக் குறை தெரிகிறது. இலக்கு இடரைத் தனியாக அளந்து சொல்ல அவரிடம் கருவி இல்லை. விபத்து குறையவில்லையென்றால் இலக்கு மாறவில்லை. குறைந்தால் இலக்கு மாறிவிட்டது. எந்த முடிவு வந்தாலும் தோற்காத ஒன்றை அறிவியல் கோட்பாடு என்று சொல்வது கடினம். லெனர்டு எவன்ஸ் 1986இல் அதே ஆய்விதழில், விபத்துத் தரவுகளோடு இது பொருந்தவில்லை என்று கடுமையாக எழுதினார். அவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன ஆய்வாளர் என்பதைச் சுட்டிக்காட்டி அவர் வாதத்தை ஒதுக்குவது எளிது. எண்களுக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா?

தெர்மோஸ்டாட் வேலை செய்ய வெப்பமானி சரியாக இருக்க வேண்டும். உயிர் போகும் விபத்து ஓர் ஓட்டுநரின் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறைகூட நேர்வதில்லை. இவ்வளவு அரிதான ஒன்றின் அளவை அனுபவத்தால் எப்படி உணர்வது? ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், தம் ஓட்டும் திறன் நடுநிலைக்கு மேல் என்று சொன்னவர்கள் அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காடு, ஸ்வீடன் மாணவர்களில் 69 விழுக்காடு. பாதிப் பேர் மட்டுமே அப்படி இருக்க முடியும். தம்மைப் பற்றியே இப்படித் தவறாக மதிப்பிடும் மனிதரிடம், நாடு முழுவதன் விபத்து எண்ணிக்கையை நிலைநிறுத்தும் துல்லியமான கருவி ஒன்று இருப்பதாக நம்புவது சிரமம்.

ஜேம்ஸ் ஹெட்லண்டு 2000இல் எழுதிய கட்டுரை இதைவிடப் பயனுள்ள பாதையைக் காட்டுகிறது. ஒரு பாதுகாப்பு ஏற்பாடு கண்ணுக்குத் தெரிகிறதா, ஓட்டுபவரின் உணர்வைத் தொடுகிறதா, நடத்தையை மாற்ற அவருக்கு ஆசை உண்டா, மாற்றச் சுதந்திரம் உண்டா என்று அவர் கேட்கிறார். ஏ.பி.எஸ் பிரேக்கை ஓட்டுநர் காலாலேயே உணர்கிறார், ஆகவே மாறுகிறார். மோதும்போது மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதை நம்பி எவரும் வேகமாக ஓட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விதி சொன்ன வைல்டைவிட இந்தப் பிரிப்பு உண்மைக்கு அருகில் இருக்கிறது.

யாருடைய இலக்கு?

நூலை வாசிக்கும்போது தொடர்ந்து உறுத்தும் கேள்வி இதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி சாலையில் ஆண்டுதோறும் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், இருசக்கர வாகனங்களில் செல்வோர். சாலையைக் கடக்கும் முதியவரின் இடரை முடிவு செய்வது அவர் மனத்திலுள்ள அளவு அல்ல, எதிரே வரும் காரின் வேகம். மக்கள் தமக்கு வேண்டிய விபத்து வீதத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதும்போது, தேர்ந்தவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர் என்பது மறைந்துபோகிறது. பெல்ட்ஸ்மன் குறைந்தபட்சம் நடப்போரைத் தம் கணக்கில் தனியாக வைத்திருந்தார்.

வைல்டின் நூலில் இன்றும் படிக்கத்தக்கது ஊக்கப்பரிசு பற்றிய பகுதி. விபத்தில்லாத எதிர்காலத்தை ஓட்டுநருக்கு மதிப்புள்ளதாக்க வேண்டும் என்கிறார். விபத்தில்லாமல் ஓட்டியவருக்குப் பரிசுத்தொகை, உரிமம் புதுப்பிப்பதில் சலுகை போன்றவை அவருடைய எடுத்துக்காட்டுகள். மியூனிக்கிலும் பிற்பாடு பழுதுச் செலவில் ஒரு பங்கை ஓட்டுநரே ஏற்க வேண்டும், விபத்துப் பதிவு மிக மோசமானால் வேலை போகும் என்று நிறுவனம் அறிவித்ததும் விபத்துகள் குறைந்தன. இதை வைல்ட் தம் கோட்பாட்டின் வெற்றியாகச் சொல்கிறார். செலவு தம் தலையில் விழுந்தால் மனிதர் கவனமாவார் என்ற பழைய பொருளியல் பாடமே இதை விளக்கப் போதும், தெர்மோஸ்டாட் தேவையில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் மியூனிக் பகுதியை முதலில் படித்து, அதன்பின் எவன்ஸின் மறுப்பையும் ஹெட்லண்டின் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற அத்தியாயங்களுக்குப் போவது நல்லது.